தொட்டியைத் தாங்குவது எது?

மழைநீர்ச் சேமிப்பைப் பற்றிய பேச்சு இந்தியாவில் பெரும்பாலும் லிட்டரில் தொடங்கி லிட்டரிலேயே முடிந்துவிடுகிறது. கூரையின் பரப்பு எவ்வளவு, ஆண்டு மழை எவ்வளவு, தொட்டியின் கொள்ளளவு எவ்வளவு என்னும் மூன்று கேள்விகளோடு திட்டம் நிறைவுற்றதாகக் கருதப்படுகிறது. அந்தத் தொட்டி எந்த மண்ணின்மேல் நிற்கப்போகிறது என்னும் நான்காவது கேள்வி அரிதாகவே எழுகிறது. விற்பவர் சொல்லும் விலையில் கடைக்கால் பெரும்பாலும் சேர்வதில்லை. அது வாங்குபவரின் பொறுப்பாக விடப்படுகிறது. வாங்குபவரோ சில வரிசைச் செங்கல்லை அடுக்கி, அதன்மேல் தொட்டியை ஏற்றிவிடுகிறார். இந்த அலட்சியத்தின் விலையைத் தாங்க இயலாதவர்கள், ஒரே ஒருமுறை மட்டும் தொட்டி வாங்கக்கூடிய எளிய குடும்பத்தினர்.

1000 லிட்டர் நீரின் எடை ஒரு டன். 5000 லிட்டர் தொட்டி நிரம்பினால், நன்கு வளர்ந்த ஆண் யானை ஒன்று வீட்டின் ஓரத்தில் அசையாமல் நிற்பதற்கு ஒப்பாகும். ஆயினும் எடையைச் சொல்லி மட்டும் அச்சுறுத்துவது நேர்மையாகாது. நீரின் உயரம் 2 மீட்டராயின், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரின்மேலும் விழும் பளு 2 டன் மட்டுமே. நிற்கும் ஒரு மனிதரின் இரு பாதங்கள் தரும் அழுத்தமும் ஏறத்தாழ இதே அளவுதான். ‘காலால் மிதித்துப் பார்த்தேன், தரை கெட்டியாக இருக்கிறது’ என்று சொல்பவரின் கூற்றில் பாதி உண்மை இருப்பது இதனாலேயே.

மறுபாதி ஆழத்தில் இருக்கிறது. பாதத்தின் அழுத்தம் ஓரிரு சாண் ஆழத்திலேயே கரைந்துவிடும். அகன்ற சுமையோ தன் அகலத்தைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம் வரை மண்ணை அழுத்தும். 1.8 மீட்டர் விட்டமுள்ள தொட்டி ஏறக்குறைய 3 மீட்டர் ஆழத்து மண்ணையும் சோதிக்கிறது. மேலே கெட்டியாகத் தோன்றும் தரைக்கு அடியில் ஒருபுறம் மூடப்பட்ட பழைய குப்பைக்குழியும் மறுபுறம் இயற்கையான மண்ணும் இருக்குமானால், தொட்டி ஒருபக்கம் சாயும். எனவே கடைக்காலின் முதற்பணி மண் எங்கும் ஒரே சீராக அமுங்குமாறு பார்த்துக்கொள்வது.

மழைநீர்த் தொட்டிக்கு மற்றத் தொட்டிகளுக்கில்லாத ஓர் இடர் உண்டு. 100 சதுர மீட்டர் கூரையில் ஒரே இரவில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், இழப்பு போக 4000 லிட்டர் வந்து சேரும். அதாவது, மண் ஊறித் தளர்ந்திருக்கும் அதே இரவில் நான்கு டன் சுமை அதன்மேல் ஏறுகிறது. கோடையில் தொட்டி வெறுமையாக நிற்க, மண் வறண்டு சுருங்குகிறது. மகாராஷ்டிரம், மால்வா, வட கர்நாடகம் ஆகிய பகுதிகளின் கரிசல் மண்ணில் இது கடுமையான சிக்கல். ஈரத்தில் உப்பி வெயிலில் வெடிக்கும் அம்மண், ஆண்டுதோறும் கடைக்காலைத் தூக்கி இறக்குகிறது. தொட்டியின் மிகைநீர் அடித்தளத்தின் ஓரத்திலேயே கொட்டினால் ஒருபுறம் மட்டும் உப்பும். தொட்டி சற்றே சாய்ந்தாலும் அடியிலுள்ள குழாய் இணைப்பு விரிசல் விடும். அந்தக் கசிவு மண்ணை மேலும் நனைக்கும். சேமிக்க வந்த நீரே தொட்டியைச் சாய்க்கும் நிலை இவ்வாறு உருவாகிறது.

தீர்வு புதிதன்று. கரிசலைத் தோண்டி அகற்றி, உப்பாத கிராவலை அரையடி அரையடியாகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் நனைத்துத் திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். கரிசல் நிலக் கால்வாய்களுக்காக, உப்பாத பசைமண் அடுக்கின் பயனை ஆராய்ந்து நிறுவியவர் மும்பை ஐஐடியின் ஆர். கே. காட்டி. கெட்டிப்படுத்திய மண்ணின்மேல் ஜல்லிக் கலவையும், அதன்மேல் கம்பி கட்டிய பலகையும், தொட்டியின் விளிம்பைவிட அரையடியேனும் அகலமாக அமைய வேண்டும். ரசமட்டம் பார்த்து, குறைந்தது ஏழு நாள் தண்ணீர் கட்டி நனைத்த பிறகே தொட்டியை ஏற்றலாம். மிகைநீர்க் குழாய் கடைக்காலைவிட்டு வெகுதூரம் செல்ல வேண்டும். அடிக்குழாயில் வளையும் இணைப்பு வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியாயின் அதன் அடிப்பரப்பு முழுவதும் தளத்தில் படிய வேண்டும். ஒரு கூழாங்கல் கூட நாளடைவில் அதைக் கிழித்துவிடும்.

தார்ப் பாலைவன மக்கள் இக்கேள்வியை வேறு வகையில் தீர்த்தனர். அவர்களுடைய ‘டாங்கா’ நிலத்துக்குள் புதைந்திருப்பது, பெரும்பாலும் வட்டவடிவமானது. நீர் சுவரை வெளியே தள்ளும்போது சுற்றியுள்ள மண் அதை எதிர்த்து நிற்கிறது. அங்கு நிலமே கட்டுமானத்தின் பங்காளி.

இவை யாவும் செலவைக் கூட்டுமே என்னும் மறுப்பு நியாயமானது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் கான்கிரீட் போட வேண்டும் என்பது இங்கு வாதமன்று. கொங்கணத்தின் செம்பொறை நிலத்தில், ஆயிரம் லிட்டர் தொட்டிக்குச் சமன்செய்த தரையும் மெல்லிய ஜல்லித்தளமும் போதுமானவை. மண்ணை அறியாத இடத்தில் கான்கிரீட்டைக் கூட்டுவதும் வீண்செலவே. தேவைப்படுவது மண்ணை அறிந்த கொத்தனாரின் அரைநாள் உழைப்பு. தோண்டிப் பார்க்கும் ஒரு குழி. பெங்களூருவில் மழைநீர்ச் சேமிப்பு 2009இல் சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. கட்டாயமாக்கும் அரசும் மானியம் வழங்கும் அரசும் தொட்டியின் விலையோடு கடைக்காலின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முதல் மழைக்காலம் முடிந்ததும் தொட்டி மட்டம் மாறியுள்ளதா என்று ஒருமுறை சோதிப்பதும் திட்டத்தின் பகுதியாக வேண்டும்.

நீர்த்தொட்டிக்குத் தமிழில் ‘தாங்கி’ என்றும் ஒரு பெயருண்டு. சிறிய ஏரிக்குத் ‘தாங்கல்’ என்று பெயர். நீரைத் தாங்குவதே அதன் இலக்கணம் என்று மொழி கருதியிருக்கிறது. அந்தத் தாங்கியைத் தாங்கும் மண்ணுக்கும், அம்மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்தும் கைகளுக்கும் திட்டமதிப்பீட்டில் ஒரு வரியேனும் ஒதுக்கப்படும் வரை, லிட்டர் கணக்கு அரைக் கணக்காகவே இருக்கும்.