வெள்ளை போர்டுன்னா என்னங்க? சொல்லுங்க பார்ப்போம்!

தோழர்களே, இன்னைக்கு அரசியலுக்கு முன்னாடி ஒரு சின்ன விளையாட்டு.

முதல் தடவையா திருநெல்வேலியிலேர்ந்து சென்னைக்கு வந்த ஒரு தம்பி, மயிலாப்பூர் லஸ் கார்னர் பஸ் ஸ்டாப்புல நிக்கிறார்னு வைங்க. பக்கத்துல நிக்கிற அம்மா சொல்றாங்க: “இது கட் சர்வீஸுப்பா, ஏறாத. பின்னாடி வெள்ளை போர்டு வரும், அதுல போ.”

தம்பிக்குத் தலை சுத்துது. இருக்காதா பின்னே!

முதல் கேள்வி: ‘கட்’னா என்ன? டிக்கெட் விலையை கட் பண்ணிட்டாங்களா? கரண்ட் கட் மாதிரி பஸ்ஸும் கட்டா? இல்ல, சந்துல கட் அடிச்சுப் போற பஸ்ஸா?

விடை: முழு ரூட்டும் ஓடாம, நடுவழியிலேயே திரும்பிடுற பஸ். 29சி-ன்னா பெரம்பூர் – பெசன்ட் நகர். அந்த நம்பர் பக்கத்துல ‘கட்’னு இருந்தா, கண்டக்டர்கிட்ட கேட்டுட்டு ஏறுறது உங்களுக்கு நல்லது!

ரெண்டாவது கேள்வி: ‘வெள்ளை போர்டு’னா? வாத்தியாரைக் கேட்டா மார்க்கர்ல எழுதுற பலகைம்பார். டாக்ஸி ஓட்டுற அண்ணனைக் கேட்டா, “சொந்தக் காருங்க, வாடகை வண்டின்னா மஞ்சள் போர்டு”ம்பார். அவர் தொழிலுக்கு அதுதான் சரி.

ஆனா மாநகரப் பேருந்துல வெள்ளை போர்டுன்னா சாதாரணக் கட்டணப் பேருந்து. வேற கலர் போர்டுன்னா டிக்கெட் விலை கூட. இதுக்குப் பாடப்புத்தகம் எதுவும் கிடையாது. ஸ்டாப்புல நின்னு நின்னு மக்களே கத்துக்கிட்ட பாஷை.

2021 மே 8-லேர்ந்து அந்த பாஷைக்கு வேற மதிப்பு வந்துடுச்சு. சாதாரணக் கட்டணப் பேருந்துல பெண்களுக்குக் கட்டணம் இல்லைன்னு ஆச்சு. பிறகு திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூட. அன்னைக்குத் தொடங்கி, போர்டு கலர் தெரிஞ்சவங்களுக்குக் காசு மிச்சம். தெரியாதவங்க கைக்காசைக் கொடுத்தாங்க. தூரத்துலேர்ந்து பார்த்தாலே தெரியட்டும்னுதான் 2022 ஆகஸ்ட்ல பஸ்ஸோட முன்னாடியும் பின்னாடியும் பிங்க் பெயின்ட் அடிச்சாங்க. டெல்லியில 2019-லேயே ‘பிங்க் டிக்கெட்’ வந்தது. கர்நாடகாவுல 2023-ல ‘சக்தி’ திட்டம் வந்து ‘ஜீரோ டிக்கெட்’ கொடுத்தாங்க. ஊருக்கு ஊர் பேர்தான் வேற.

இப்போ மூணாவது வார்த்தை. இதுக்கு யாரும் யோசிக்கவே வேண்டாம்: ‘ஓசி’.

வெள்ளை போர்டுக்கு இதுதான் அர்த்தம்னு சிலர் இன்னும் சொல்லிக்கிட்டிருக்காங்க. டீக்கடையிலயும் சொல்றாங்க, மேடையிலயும் சொல்றாங்க. அவங்களை ஒரு நாள் காலையில அடையாறு சிக்னல் பக்கம் வந்து நிக்கச் சொல்லுங்க. கண்ணகி நகர், பெரும்பாக்கம், செம்மஞ்சேரியிலேர்ந்து வர்ற பஸ்ஸுல யார் இறங்குறாங்கன்னு பாக்கட்டும். அடையாறுலயும் மந்தைவெளியிலயும் மயிலாப்பூர்லயும் வீட்டு வேலை செய்யுற அக்காங்க. தி.நகர் துணிக்கடையில நாள் முழுக்க நின்னே வேலை பாக்குற தங்கச்சிங்க. இதுல எத்தனையோ குடும்பங்கள் ஒரு காலத்துல இதே நகரத்துக்குள்ள, கூவம், அடையாறு கரையில இருந்தவங்க. அவங்களை ஊருக்கு வெளியில குடிவெச்சதும் நாமதான். திரும்பி வேலைக்கு வரச் சொல்றதும் நாமதான். அந்தத் தூரத்துக்கான கட்டணத்தை மட்டும் அவங்க தலையில கட்டுறது எந்த ஊரு நியாயம்?

மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொன்னது: இந்தப் பயணத்தால ஒரு பெண்ணுக்கு மாசம் சராசரியா 888 ரூபாய் மிச்சம். அந்தக் காசு வீட்டுக்குள்ள காய்கறியாவும் நோட்டுப் புத்தகமாவும் மாறுது. பஸ் கழகத்துக்கு அரசு ஈடுகட்டுறது மக்கள் வரிப்பணம். சோப்புக்கும் எண்ணெய்க்கும் வரி கட்டுற அந்த அக்காவோட பணமும் அதுல இருக்கு. அப்புறம் எப்படிங்க அது ஓசி ஆகும்?

ஆனா ஒண்ணு. உரிமை போர்டுல மட்டும் இருந்தா போதாது, ரோட்டுல ஓடணும். அரை மணி நேரம் காத்திருந்து வேலைக்கு லேட்டாகிடும்னு பயந்து, ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்தா அந்த நாள் மிச்சம் போச்சு. அதனால நம்ம கோரிக்கை மூணே மூணுதான்:

1. காலையிலயும் சாயந்திரமும், வேலைக்குப் போற நேரத்துல சாதாரணக் கட்டணப் பேருந்துகளைக் கூட்டணும்.
2. அந்த நேரத்துல கட் சர்வீஸைக் குறைக்கணும். கட் பஸ்ஸுன்னா எந்த ஸ்டாப்பு வரைக்கும்னு தமிழ்ல பெருசா எழுதணும்.
3. ஒவ்வொரு ஸ்டாப்புலயும் எந்த பஸ்ஸுல கட்டணம் இல்லைன்னு போர்டு வைக்கணும். புதுசா வந்த தம்பியும் அக்காவும் புதிர் போட்டுப் பாக்கிற நிலைமை வேண்டாம்.

தோழர்களே, அடுத்த தடவை யாராவது ‘ஓசி பஸ்’னு சொன்னா சண்டை போடாதீங்க. சிரிச்சுக்கிட்டே திருத்துங்க: “அதுக்குப் பேரு வெள்ளை போர்டுங்க. அர்த்தம், உழைக்கிறவங்க உரிமை.”

உங்க ரூட்டுல எந்த நேரத்துக்கு வெள்ளை போர்டு வேணும்? நம்பரோட கீழே எழுதுங்க. தொகுத்து மனுவா கொடுப்போம்.

#வெள்ளைபோர்டு #ஓசிஅல்லஉரிமை