150 பேர் கேட்ட ஆளுநர்... மறுத்த பேரரசர்!

ஊர் தீப்பற்றி எரிகிறது. அணைக்க ஒரு வாளிகூட இல்லை. மக்களோ நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன், இன்றைய துருக்கியில் உள்ள நிக்கோமீடியா நகரில் நடந்தது இது. ஏராளமான வீடுகளோடு, ஐசிஸ் தெய்வத்தின் கோயிலும் எரிந்துபோனது.

அந்த நகரம் ரோமப் பேரரசின் பித்தினியா-பொந்துஸ் மாகாணத்தில் இருந்தது. கி.மு. 27-ல் அகஸ்டஸ் மாகாணங்களை இரண்டு வகையாகப் பிரித்திருந்தார். அமைதியான பகுதிகளுக்கு செனட் சபையைச் சேர்ந்தவர்கள் ஓராண்டு ஆளுநர்களாகப் போவார்கள். படைகள் அதிகம் இருந்த எல்லைப் பகுதிகளைப் பேரரசரே நியமித்த பிரதிநிதிகள் ஆள்வார்கள்.

பித்தினியா முதல் வகை. ஆனால், நகரங்களின் கணக்குவழக்கு சீர்கெட்டுப் போனதால், பேரரசர் டிராஜன் கி.பி. 110 வாக்கில் தன் நேரடிப் பிரதிநிதியாக பிளினியை அங்கே அனுப்பினார்.

சீர்கேடு எந்த அளவுக்கு? நிக்கோமீடியாவுக்குத் தண்ணீர் கொண்டுவர 33,18,000 செஸ்டர்ஸ் செலவழித்து, வேலையைப் பாதியில் விட்டு, கட்டியதை இடித்தும்விட்டார்கள். அன்று ஒரு படைவீரரின் ஆண்டுச் சம்பளமே சுமார் 1,200 செஸ்டர்ஸ்தான்! இரண்டாவது முயற்சியில் போட்ட 2 லட்சமும் வீண்.

இந்த நிலையில்தான் தீ விபத்து. பிளினி பேரரசருக்குக் கடிதம் எழுதினார்: '150 பேர் கொண்ட தீயணைப்புக் குழு அமைக்கலாமா? தொழிலாளர்களை மட்டுமே சேர்ப்பேன். இத்தனை பேரைக் கண்காணிப்பது கஷ்டமில்லை.'

டிராஜன் மறுத்துவிட்டார். அந்த மாகாணத்தில் இப்படிப்பட்ட சங்கங்களால்தான் ஏற்கெனவே கலகம். என்ன பெயர் வைத்தாலும் கூடுபவர்கள் சீக்கிரமே அரசியல் கும்பலாகிவிடுவார்கள் என்பது அவர் வாதம். அதற்குப் பதிலாக, தீயணைக்கும் கருவிகளை வாங்கி வைக்கச் சொன்னார். தீப்பிடித்தால் வீட்டுக்காரர்களே அணைக்க வேண்டும். தேவைப்பட்டால் கூடி நிற்பவர்களையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இத்தனைக்கும், ரோம் நகருக்குத் தீயணைப்புப் படை கி.பி. 6-லேயே வந்துவிட்டது. அமைத்தவர் அகஸ்டஸ்!

மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் ஆளுநருக்கு இருந்தது. 150 தீயணைப்பாளர்களைச் சேர்க்கும் அதிகாரம் இல்லை. மாகாணத்து மக்கள் நெருப்பில் சிக்குவதைவிட, அவர்கள் ஒன்றுகூடுவதற்குத்தான் பேரரசு அதிகம் பயந்தது.

தலைநகருக்குப் படை, மாகாணத்துக்கு வாளி!