தகுதி இருக்கிறது... தாள் இருக்கிறதா?

“ஏனுங்க, எங்க பையனுக்கு எல்லாத் தகுதியும் இருக்குதுங்க. அப்புறம் எதுக்குங்க பேரைச் சேர்க்க மாட்டேங்கறாங்க?”

இலவசத் தொழிற்பயிற்சிக்கு ஆள் எடுக்கும் மேசை முன்னால் கொங்குப் பக்கத்து அம்மா ஒருவர் இப்படிக் கேட்டால் அதில் ஆச்சரியம் இல்லை. அரசு சொல்லும் தகுதி வேறு. அந்தத் தகுதியை நிரூபிக்கும் தாள் வேறு. இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகள் ஏராளம்.

யாரை எடுப்பார்கள், எதைப் பார்த்து எடுப்பார்கள், சேரும் முன் குடும்பம் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்? கிணத்துக்கடவை வைத்தே பார்க்கலாம்.

எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

கிராமத்து ஏழை இளைஞர்களுக்கான பயிற்சிகளில் முக்கியமானது, ‘தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா’. மத்திய அரசு இதை 2014 செப்டம்பர் 25 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் ஊரக வாழ்வாதார இயக்கம் நடத்துகிறது. மக்கள் வாயில் அது ‘மகளிர் திட்டம் ஆபீஸ்’. வட்டார அளவில் நடக்கும் ‘இளைஞர் திறன் திருவிழா’க்களில் இதற்கு ஆள் சேர்ப்பார்கள். பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது. உறைவிட மையமாக இருந்தால் சாப்பாடு, தங்குமிடமும் இலவசம்.

திட்டத்தின் பெயரில் ‘கிராமின்’ என்ற சொல் இருக்கிறதல்லவா, முதல் வடிகட்டல் அங்கேயே நடந்துவிடுகிறது. கிணத்துக்கடவு ஊர் பேரூராட்சி. வடசித்தூர், கோதவாடி, சொக்கனூர் போன்றவை ஊராட்சிகள். தக்காளி மார்க்கெட்டில் கூடை சுமக்கும் தொழிலாளியின் வீடு பேரூராட்சி எல்லைக்குள் இருந்தால், அவர் மகள் இந்தத் திட்டத்தின் கணக்கில் கிராமத்துப் பெண் இல்லை. நாலு கிலோமீட்டர் தள்ளி, ஊராட்சியில் அதே வருமானத்தில் இருக்கும் வீட்டுப் பெண்ணுக்கு இடம் உண்டு.

இதற்காக ஏமாந்து திரும்ப வேண்டியதில்லை. வேறு வாசல்கள் இருக்கின்றன. 2025 ஜூலையில் தமிழக அரசு தொடங்கிய ‘வெற்றி நிச்சயம்’ திட்டம் 18 முதல் 35 வயது வரையிலான இளைஞர்களுக்கானது. 2024 அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 21 முதல் 24 வயது வரை என்று வரையறுத்தது. கிராமத் திட்டத்தின் அடிப்படை விதியோ 15 முதல் 35 வரை. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநங்கைகள் உள்ளிட்ட சிலருக்கு 45 வரை. ஒரே வீட்டில் அண்ணனுக்குத் திறக்கும் கதவு தங்கைக்குத் திறக்காமல் போகலாம். ‘பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைத்ததே’ என்ற ஒப்பீடு இங்கே உதவாது.

ஏழை என்பதற்கு என்ன சாட்சி?

வயதைத் தேதி சொல்லிவிடும். ஊரை வரைபடம் சொல்லிவிடும். வறுமையை யார் சொல்வது? சரிபார்ப்பின் கஷ்டமான பகுதி இதுதான்.

தமிழ்நாட்டில் ரேஷன் கார்டு வைத்திருப்பது மட்டும் வறுமைக்குச் சாட்சி ஆகாது. இங்கே பொது விநியோகம் எல்லோருக்குமானது. பத்து ஏக்கர் தென்னந்தோப்புக்காரரிடமும் கார்டு இருக்கும். எனவே கார்டில் இருக்கும் குறியீட்டைப் பார்ப்பார்கள். ‘பி.எச்.எச்.’ என்றால் முன்னுரிமைக் குடும்பம். அதோடு ‘ஏ.ஏ.ஒய்.’ சேர்ந்திருந்தால் அந்தியோதயா, அதாவது மிகவும் ஏழைக் குடும்பம். ‘என்.பி.எச்.எச்.’ என்றால் முன்னுரிமை இல்லாதது.

கிராமத் திட்டத்தின் விதி இந்த ஒரு வழியோடு நிற்கவில்லை. குடும்பத்தில் யாராவது முந்தைய நிதியாண்டில் நூறு நாள் வேலையில் 15 நாளாவது பார்த்திருந்தால் போதும். வீட்டில் ஒருவர் வாழ்வாதார இயக்கத்தின் கீழ் உள்ள மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தாலும் போதும். அம்மா குழுவில் இருக்கிறார் என்பதே மகனுக்குத் தகுதி ஆகிவிடும் என்பது பல வீடுகளில் தெரிவதில்லை.

இன்னொரு வழி, ‘மக்கள் நிலை ஆய்வு’. 2005-ல் உலக வங்கி உதவியுடன் தமிழகத்தில் தொடங்கிய புதுவாழ்வுத் திட்டத்தின் காலத்திலிருந்தே கிராமங்களுக்குப் பழக்கமான பெயர் இது. ஊர் மக்களே கூடி, வீடு வீடாகப் பேசி, யார் மிகவும் ஏழை, யார் ஏழை, யார் நடுத்தரம், யார் வசதி என்று பிரிப்பார்கள். அந்தப் பட்டியலைக் கிராம சபையில் வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. வருமானச் சான்றிதழில் 72,000 என்று எழுதியிருப்பதைக் கம்ப்யூட்டர் நம்பிவிடும். எந்த வீட்டில் அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார், எந்த வீட்டுப் பிள்ளை பிளஸ் டூ முடித்துவிட்டுத் தேங்காய் உரிக்கப் போகிறான் என்பது ஊருக்குத்தான் தெரியும். ஆனால் ஊருக்குப் பிடித்தவர், பிடிக்காதவரும் உண்டு. சபையில் பேசத் தயங்கும் குடும்பம், புதிதாகக் குடிவந்த குடும்பம், தனிக்குடித்தனம் போன மகன் என்று பட்டியலில் விடுபடுகிறவர்கள் இருப்பார்கள்.

அப்படி விடுபட்டவர்கள் கிராம சபையில் மனு கொடுக்கலாம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு முறை கிராம சபை கூடுகிறது. பயிற்சி அறிவிப்பு வந்த பிறகு ஓடுவதைவிட அதற்கு முந்தைய சபையிலேயே பட்டியலைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

“இலவசமாகக் கற்றுக்கொடுக்க இத்தனை கேள்வியா?” என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு நாற்பத்தைந்து வருடக் கதை பதில் சொல்லும்.

1979 ஆகஸ்ட் 15 அன்று ‘டிரைசெம்’ என்ற பெயரில் கிராமத்து இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி தொடங்கியது. வயது 18 முதல் 35, வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பம் என்பதுதான் அன்றைக்கும் விதி. 1999 ஏப்ரலில் அது வேறொரு திட்டத்தோடு இணைக்கப்பட்டது. பயிற்சி முடித்தும் தொழில் அமையாமல் போனவர்கள் அதிகம் என்பது அதன் மீது இருந்த பெரிய குறை.

இன்னொரு பக்கம், பதிவேட்டில் மட்டும் இருக்கும் ‘மாணவர்கள்’. பிரதமரின் கௌசல் விகாஸ் யோஜனாவின் 2015 முதல் 2022 வரையிலான செயல்பாட்டை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஏறக்குறைய 96 லட்சம் பேரின் பதிவுகளில் 90 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றில், வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய இடம் காலியாகவோ பூஜ்யமாகவோ இருந்திருக்கிறது. மீதி உள்ளவற்றிலும் ஒரே கணக்கு எண் பல பேருக்கு. பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதே தெரியாவிட்டால், பயிற்சி யாருக்கு நடந்தது என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்காவில் வேறு மாதிரிச் சிக்கல். 1982-ல் வந்த அவர்களின் வேலைப் பயிற்சிச் சட்டத்தில், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதை வைத்து மையங்கள் மதிப்பிடப்பட்டன. அதனால் எப்படியும் வேலை கிடைத்துவிடக்கூடிய இளைஞர்களாகப் பார்த்து மையங்கள் சேர்த்துக்கொள்கின்றன என்ற விமர்சனம் எழுந்தது. பாலில் ஆடையை மட்டும் எடுத்துக்கொள்வது என்று அதற்கு அங்கே பெயரே வைத்தார்கள்.

இந்த ஆபத்து இங்கேயும் உண்டு. கிராமத் திட்டத்தின் அடிப்படை விதிப்படி, பயிற்சி பெற்றவர்களில் 70 சதவீதம் பேருக்கு வேலை வாங்கித் தர வேண்டும். ஆள் சேர்ப்பவருக்கு, தயங்கிப் பேசும் பையனைவிட மடமடவென்று பேசும் பையன்மேல் கண் போவது இயல்பு. தாள் எல்லாம் ஒழுங்காக வைத்திருக்கும் வீடும் பெரும்பாலும் கொஞ்சம் விவரமான வீடாகத்தான் இருக்கும். தாளை மட்டும் பார்த்துத் திருப்பி அனுப்பினால், திட்டம் யாருக்காக வந்ததோ அவர்களே முதலில் வெளியே நிற்பார்கள். ஒரு தாள் குறைகிறது என்றால், “போய் எடுத்துட்டு வா” என்று சொல்வதோடு நிற்காமல், எங்கே, எப்படி எடுப்பது என்றும் சொல்லி அனுப்புவதுதான் சரியான சரிபார்ப்பு.

எங்கே சிக்கிக்கொள்கிறார்கள்?

பெயர்: தமிழ்நாட்டுக்கே உரிய தலைவலி இது. மார்க் ஷீட்டில் ‘எஸ். கார்த்திக்’; ஆதாரில் ‘கார்த்திக் சுப்பிரமணியம்’; வங்கியில் ‘கார்த்திக் எஸ்’. மனிதருக்கு மூவரும் ஒருவரே. கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். பள்ளிச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துவது சுலபம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும், பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற முடியும். எழுத்துக்கு எழுத்து பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

கைரேகை: சின்ன வயதில் ஆதார் எடுத்த பிள்ளைகள், 15 வயதானதும் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பயிற்சி மையங்களில் வருகைப்பதிவு பயோமெட்ரிக் முறையில் எடுக்கப்படுகிறது. ரேகை பொருந்தவில்லை என்றால், வந்தும் வராதவர் கணக்குத்தான்.

வங்கிக் கணக்கு: பள்ளியில் உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கு பல வீடுகளில் பீரோவுக்குள் தூங்கும். இரண்டு வருடம் வரவு செலவு இல்லாவிட்டால் கணக்கு செயலற்றதாகிவிடும். வங்கிக்குப் போய் கே.ஒய்.சி. கொடுத்து உயிர்ப்பிக்க வேண்டும். ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

வருமானச் சான்றிதழ்: இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தார் மட்டத்துக்குப் போய்வர நாளாகும். கடைசி நாளில் ஓடினால் கிடைக்காது.

பிள்ளைகளும் சரிபார்க்கட்டும்!

‘பயிற்சி’ என்ற சொல்லுக்குக் கொங்கு மண்டலத்தில் ஒரு கசப்பான பழங்கதை உண்டு. ‘சுமங்கலித் திட்டம்’ என்று சொல்லி, மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டி, இளம்பெண்களை நூற்பாலைகளுக்கு அழைத்துப் போனார்கள் புரோக்கர்கள். பதிவேட்டில் அவர்கள் பயிற்சியாளர்கள். வேலையோ முழு வேலை. சொன்ன பணம் கைக்கு வராமல் திரும்பியவர்களும் உண்டு. எனவே அரசு பிள்ளைகளைச் சரிபார்ப்பது போல, பிள்ளைகளும் பயிற்சியைச் சரிபார்ப்பது அவசியம்.

முதலில், அந்த மையம் அரசு அனுமதி பெற்றதுதானா என்று ஒன்றிய அலுவலகத்தில் உள்ள மகளிர் திட்ட வட்டார அலுவலரிடமோ, கோவை மாவட்ட அலுவலகத்திலோ கேட்க வேண்டும். ‘கவர்ன்மென்ட் ஸ்கீம்’ என்று வாட்ஸ்அப்பில் வந்த நோட்டீஸ் மட்டும் போதாது.

பதிவுக்கட்டணம், சீருடைக் கட்டணம், ‘சீட் கன்ஃபர்ம்’ பண்ணப் பணம் என்று யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. அசல் சான்றிதழைக் காட்டலாம், ஒப்படைக்கக் கூடாது. நகலில் ‘பயிற்சி சேர்க்கைக்காக மட்டும்’ என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுப்பது பாதுகாப்பு. ஓ.டி.பி. யாருக்கும் சொல்லக் கூடாது.

பயிற்சி எத்தனை மாதம், முடித்ததும் எந்த ஊரில் வேலை, கையில் எவ்வளவு சம்பளம், விடுதி இருந்தால் பெற்றோர் வந்து பார்க்கலாமா என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. முந்தைய பேட்ச்சில் முடித்த இரண்டு பேரிடம் பேச முடியுமா என்றும் கேட்கலாம்.

விதியில் 15 வயது என்று இருப்பதால், பத்தாவது படிக்கும் பிள்ளையை நிறுத்தி அனுப்பிவிட வேண்டாம். 18 வயது ஆகாதவர்களை ஆபத்தான தொழில்களில் அமர்த்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வருபவர்களுக்குத்தான் இந்தப் பயிற்சியின் முழுப் பலன் கிடைக்கும்.

‘தகுதி இல்லை’ என்று சொன்னால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேட்கலாம். பதில் திருப்தி இல்லையென்றால் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். வயது, வருமான வரம்பு போன்ற விதிகள் அவ்வப்போது திருத்தப்படுபவை. விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையில் உள்ள விதி எது என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்த திறன் திருவிழா எப்போது என்று காத்திருக்காமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் உள்ள பிள்ளைகளின் மார்க் ஷீட், ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், அம்மாவின் குழு விவரம், நூறு நாள் வேலை அட்டை எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பிப் பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். அரை மணி நேர வேலைதான். திருத்தம் ஏதாவது இருந்தால் திங்கட்கிழமை காலையில் இ-சேவை மையம் திறந்திருக்கும்.