அணைத்த கணினி அணைந்துவிட்டதா?

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு



விளக்கை அணைத்தால் அணைந்துவிடுகிறது. மின்விசிறியை நிறுத்தினால் நின்றுவிடுகிறது. கணினியை மட்டும் நிறுத்திவிட்டதாக நாம் நினைத்துக்கொண்டு போகிறோம். ஐயமிருந்தால், மாலையில் கணினி ஆய்வகத்தில் எல்லாவற்றையும் ‘ஷட்டவுன்’ செய்த பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். சில மேசைகளில் மௌஸின் அடியில் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டே இருக்கும். அந்த வெளிச்சத்துக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

முற்காலத்துக் கணினிகளில் இருந்த சுவிட்ச், மின்சாரத்தை அடியோடு துண்டித்தது. 1995-இல் இன்டெல் நிறுவனம் ‘ஏ.டி.எக்ஸ்.’ என்னும் அமைப்பைக் கொண்டுவந்தது. அதன்பின் கணினியின் முகப்பில் உள்ள பொத்தான் சுவிட்சே அல்ல. ‘தூங்கு’, ‘எழுந்திரு’ என்று சொல்லும் ஒரு கட்டளைதான். பிளக் சுவரில் இருந்து சுவிட்சும் போட்டிருக்கும்வரை உள்ளே 5 வோல்ட் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பல கணினிகளில் யூ.எஸ்.பி. துளைகளுக்கும் அது போகிறது. கீபோர்டைத் தட்டிக் கணினியை எழுப்பவும், செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றவும் அப்படி வைத்திருக்கிறார்கள். (யூ.எஸ்.பி.யை உருவாக்கிய இன்டெல் குழுவில் முதன்மையானவர் அஜய் பட். நம் நாட்டில், பரோடா பல்கலைக்கழகத்தில் படித்தவர். அதன் முதல் வடிவம் வெளிவந்தது 1996-இல். நமக்குப் பெருமைதான்.)

ஆனால் நம் பள்ளிக்குச் செல்போன் கொண்டுவரவே கூடாதே! அப்படியிருக்க, இரவு முழுவதும் அந்தத் துளைகள் யாருக்காகக் காத்திருக்கின்றன?

“அது எத்தனை கரண்ட் இழுத்துவிடப் போகிறது?” என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. கணக்குக்காக ஒரு கணினிக்கு 2 வாட் என்று வைத்துக்கொள்வோம். 30 கணினிகளுக்கு 60 வாட். பள்ளி நாட்களில் 18 மணி நேரமும், விடுமுறை நாட்களில் நாள் முழுவதும் என்று கூட்டினால், ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய 450 யூனிட். 75 வாட் மின்விசிறி ஒன்றை 6,000 மணி நேரம் ஓட்டலாம்! சித்திரை வெயிலில் நின்றுபோன மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து தேர்வு எழுதியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்த மின்சாரம் எங்கோ வானத்திலிருந்து வருவதன்று. நம் மாவட்டத்தில் மேட்டூரில் 1987-இலிருந்து அனல்மின் நிலையம் நிலக்கரியை எரித்துக்கொண்டிருக்கிறது. ஒரு யூனிட்டுக்கு அரைக் கிலோவுக்கும் மேல் நிலக்கரி வேண்டும். 2012-இல் சென்னைக்கு வெளியே பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததையும், சேலம் வட்டாரத்தில் தறிகள் நின்று கூலி குறைந்ததையும் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட ஊரில், யாரும் இல்லாத அறையில் மௌஸ் விளக்கு எரிவது எனக்குப் பிடிக்கவில்லை. ஐரோப்பிய நாடுகள் இதற்குச் சட்டமே செய்தன. அணைத்து வைத்த வீட்டு, அலுவலகச் சாதனங்கள் 1 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று 2010-இலும், அரை வாட்டுக்கு மேல் கூடாது என்று 2013-இலும் விதி வந்தது. அதனால்தான் பல கணினிகளின் ‘பயோஸ்’ திரையில் ‘ஈ.ஆர்.பி.’ என்றொரு வரி இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் அணைத்தபின் யூ.எஸ்.பி. துளைகளுக்கு மின்சாரம் போகாது. கணினி ஆசிரியை ஒருமுறை செய்து வைத்தால் போதும். நாமாகத் தொட வேண்டாம்.

நம்மிடம் இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலான சுவர்த் துளைகளுக்குச் சுவிட்ச் கிடையாது. நம் வீடுகளில் துளைக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. வைத்துக்கொண்டே பயன்படுத்தாமல் இருக்கிறோம்! “கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டியா கண்ணு?” என்று அப்பா கேட்டால், “ஆச்சுங்கப்பா” என்கிறோம். சுவர் சுவிட்ச் போட்டபடியே இருக்கும்.

எல்லாத் துளைகளையும் எப்போதும் அணைக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. மடிக்கணினியில் பேட்டரி இருக்கிறது. சிலவற்றில் மின்னல் குறி போட்ட ஒரு துளை, மூடி வைத்திருக்கும்போதும் செல்போனுக்குச் சார்ஜ் தரும். மழை இரவில் கரண்ட் போய், அவசரத்துக்கு யாரையாவது அழைக்க வேண்டியிருந்தால் அந்த ஒரு துளை பெரிய உதவி. தெரிந்தே விட்டுவைப்பது வேறு, தெரியாமல் விட்டுப்போவது வேறு.

மின்னல் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. ஏற்காட்டு மலையடிவாரத்தில் இருக்கும் நமக்குக் கோடை இடியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கொண்டப்பநாயக்கன்பட்டியில் சித்திரை, வைகாசி மாலைகளில் மலைப்பக்கம் கறுத்தால் அம்மாமார் முதலில் டி.வி. பிளக்கைத்தான் பிடுங்குவார்கள். கணினியை, “அதுதான் அணைத்தாயிற்றே” என்று விட்டுவிடுவார்கள். அணைத்த கணினியும் கம்பியோடு சேர்ந்தே இருப்பதால், இடி விழும்போது பாயும் மின்சாரம் அதையும் கருக்கிவிடலாம். சுவர் சுவிட்ச் பெரும்பாலும் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கிறது. ஆகவே இடி நேரத்தில் பிளக்கையே பிடுங்க வேண்டும். இன்டர்நெட் கம்பியையும் கழற்ற வேண்டும். இடி தொடங்கிய பிறகு போய்த் தொடாமல், மேகம் கூடும்போதே செய்துவிட வேண்டும்.

கணினி ஆய்வகத்துக்கு என் யோசனை இதுதான்: கடைசி வகுப்பு முடிந்ததும் ஷட்டவுன், திரை முழுதும் இருண்டதா என்று பார்த்தல், பிறகு யு.பி.எஸ்., கடைசியாகச் சுவர் சுவிட்ச். அவசரப்பட்டு முதலிலேயே சுவிட்சைத் தட்டினால் கோப்புகள் கெடும். யு.பி.எஸ்.ஸைப் போட்டபடி விட்டால், இரவில் கரண்ட் போகும்போது அதன் பேட்டரி வீணே கரையும். மே விடுமுறைக்குமுன் எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கி வைக்கலாம். கரும்பலகை துடைக்க முறை வைப்பதுபோல் இதற்கும் வரிசைக்கு ஒரு மாணவியை நியமிக்க சிஸ்டர் அனுமதிக்க வேண்டும்.

ஒரே ஒரு குறை உண்டு. உள்ளே கடிகாரத்தை ஓட்டும் 3 வோல்ட் காசு பேட்டரி, சுவரில் மின்சாரம் இருக்கும்வரை ஓய்வெடுக்கிறது. தினமும் துண்டித்தால் சற்று முன்னதாகத் தீர்ந்துபோகும். கணினி தேதியைத் தப்பாகக் காட்டத் தொடங்கினால், கடையில் அந்தப் பேட்டரியை வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.