ஐந்தில் ஒன்று என்றொரு நாணயக்குற்றி



ஆபிரிக்கா என்றால் பஞ்சம், சண்டை என்றுதான் நம் பிள்ளைகளைப் பழக்கி வைத்திருக்கிறோம். மொரித்தானியாவின் குமுஸ் என்ற நாணயக்குற்றியைப் பற்றி ஒருநாள் சொல்லிக் கொடுக்கலாமே.

நம் ரூபாவுக்கு நூறு சதம். அவர்களது ஊகியாவுக்கு ஐந்தே ஐந்து குமுஸ்தான். அரபியில் ஐந்தில் ஒன்று. கனீமத் பற்றிய பாடத்தில் நாம் படித்த அதே சொல். ஏன் ஐந்து? பிரான்சுடன் கட்டுண்ட சீ.எஃப்.ஏ. பிராங்கை 1973இல் கைவிட்டபோது, ஐந்து பிராங்குக்கு ஓர் ஊகியா என்று மாற்றினார்கள். ஆகவே பழைய ஒரு பிராங்க்தான் ஒரு குமுஸ். சந்தையில் கணக்கும் குழம்பவில்லை, பெயரும் சொந்தப் பெயராயிற்று. நமக்கு இது சின்ன விசயமாகப் படவில்லை. பதினான்கு நாடுகள் இன்னும் அந்தப் பிராங்கில்தானே இருக்கின்றன!

அதற்காக, சொந்த நாணயம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்லக் கூடாது. விலைவாசி ஊகியாவைத் தேய்த்தது. 2018இல் ஒரு பூச்சியத்தை வெட்டி, பழைய பத்தைப் புதிய ஒன்றாக்கினார்கள். 2022இல் ரூபா விழுந்ததைக் கண்ட நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

பின்னப் பாடம் நடத்துகிற ஆசிரியர்கள் அடுத்த வாரமே இதைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள்.