மீதி இருபத்து மூன்று மணி நேரம்

முதுமலைக்குப் புலி பார்க்கப் போகிறவர் காட்டுக்குள் எவ்வளவு நேரம் இருக்கிறார்? தெப்பக்காட்டில் சீட்டு வாங்கி, வனத் துறை வண்டியில் ஏறி, குறித்த பாதையில் போய்த் திரும்பினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்கு விதிகளுக்குப் பஞ்சமில்லை. வண்டியிலிருந்து இறங்கக் கூடாது, குரல் உயர்த்தக் கூடாது, இருட்டிய பிறகு சவாரியே கிடையாது. புலிகள் காப்பகங்களின் உள்மண்டலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக் கூடாது என்று தேசியப் புலிகள் காப்பு ஆணையம் 2012இலேயே வழிகாட்டு நெறிகளை வகுத்துவிட்டது. நாளின் மீதி இருபத்து மூன்று மணி நேரத்தை அந்தப் பயணி கழிப்பது காட்டின் வாசலில் இருக்கும் மசினகுடியிலும், அதை ஒட்டிய பொக்காபுரம், மாவநல்லா, வாழைத்தோட்டம் பகுதிகளிலும்தான். அங்கே அவர் எங்கே தூங்குகிறார், எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறார், அவர் தின்று மிஞ்சிய சோறு எங்கே போகிறது என்பதையெல்லாம் முறையாகக் கேட்க ஆளில்லை. வனச் சுற்றுலா பற்றிய நம் கொள்கையின் கோளாறு இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பூங்காவுக்குள் போகும் பயணியை நெறிப்படுத்தக் கற்றுக்கொண்டோம். வாசல் ஊரில் தங்கும் பயணியை அப்படியே விட்டுவிட்டோம்.

வாசல் என்ற சொல்லே இந்த ஊருக்குப் பொருந்தாது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வாசல் என்றால் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு இருக்க வேண்டும். மசினகுடி முதுமலைப் புலிகள் காப்பகத்தின் வெளிமண்டலத்துக்குள்ளேயே இருக்கிறது. தெற்கே நீலகிரியின் செங்குத்தான சரிவு. வடக்கே மாயாறு அறுத்துக்கொண்டு போகும் ஆழமான பள்ளத்தாக்கு. இரண்டுக்கும் நடுவே மழை மறைவில் கிடக்கும் முட்புதர்க் காடாகிய சீகூர் பீடபூமி. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சந்திக்கும் இந்தப் பகுதியில், முதுமலையிலிருந்து சத்தியமங்கலம் பக்கம் போகும் யானைக் கூட்டத்துக்குச் செங்குத்து மலையில் ஏறவும் முடியாது, பள்ளத்தாக்கில் இறங்கவும் முடியாது. இடைப்பட்ட சமவெளிதான் வழி. மனிதர்கள் வீடு கட்டவும் மாடு மேய்க்கவும் தேர்ந்தெடுத்ததும் அதே சமவெளியைத்தான். ஆகவே பயணிக்கு வாசலாகத் தெரியும் ஊர், யானைக்கு நடுக்கூடம்.

இது அரசுக்குத் தெரியாத செய்தி அல்ல. மசினகுடிக்கு அருகேயுள்ள சிங்காராவில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்துக்கு 2009இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. புலிகள் காப்பகமும் யானை வழித்தடமும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அடுத்த ஆண்டே தமிழ்நாடு அரசு சீகூர் பகுதியில் யானை வழித்தடத்தை அறிவிக்கை செய்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரலில் அதை உறுதிப்படுத்தியது. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 27 விடுதிகளுக்கு முத்திரை வைக்கப்பட்டது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்று தீர்ப்பளித்து, நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.வெங்கட்ராமன் தலைமையில் குழு அமைத்தது. பத்தாண்டு காலச் சட்டப் போராட்டத்தின் பலன் சிறியதல்ல. ஆனால் இந்த வழக்கு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது: கட்டடம் எந்த சர்வே எண்ணில் நிற்கிறது? வழித்தடத்தின் எல்லைக்கு உள்ளே இருப்பது தவறு, நூறு அடி தள்ளி இருப்பது சரி என்றாகிவிட்டது. அந்த நூறு அடி தள்ளியிருக்கும் கட்டடத்தில் இரவு என்ன நடக்கிறது என்பது வழக்கின் விஷயமாகவே இல்லை.

இரவில் நடப்பதன் விலை என்ன என்பதை 2021ஆம் ஆண்டு காட்டியது. அந்த ஜனவரியில், ஏற்கெனவே முதுகில் காயத்தோடு ஊரைச் சுற்றி வந்த நாற்பது வயது மதிக்கத்தக்க ஆண் யானை மீது மாவநல்லாவில் தங்கும் விடுதி ஒன்றிலிருந்து தீப்பற்றிய பொருள் வீசப்பட்டது. அது காதில் சிக்கி எரிய, யானை பிளிறியபடி இருட்டில் ஓடும் காட்சி பிறகு வெளியானது. காது கிழிந்து ரத்தம் வடிய நின்ற யானையை ஜனவரி 19 அன்று முகாமுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அது இறந்தது. அதே ஆண்டில் நடந்த இன்னொன்று கொடுமையில் இல்லை, கொஞ்சலில் தொடங்கியது. தும்பிக்கை நுனி சேதப்பட்ட ‘ரிவால்டோ’ என்ற காட்டு யானைக்கு வாழைத்தோட்டம் பகுதியில் பலர் பழம் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். வீட்டு வாசலில் வந்து நிற்கும் யானையாக அது மாறிய பின், மே மாதம் பிடித்து மரக்கூண்டில் அடைத்தார்கள். ஆகஸ்டில் தொலைவான காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அது ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நடந்து ஓரிரு நாளில் திரும்பி வந்துவிட்டது. ஒன்று தீ, மற்றொன்று பழம். இரண்டும் நடந்த இடம் பூங்காவின் சவாரிப் பாதை அல்ல. மனிதன் தங்கும் இடத்தின் வேலியோரம்.

இப்போது நாம் கையில் வைத்திருக்கும் அளவுகோல் வாகனம். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வேலை நாள்களில் 6,000, வார இறுதி நாள்களில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. ஊட்டியின் நெரிசலுக்கு அது ஓரளவு மருந்தாகலாம். மசினகுடியின் நோய் வேறு. காலையில் வந்து, சவாரி போய், பகல் சாப்பாட்டை ஊர்க் கடையில் முடித்துக்கொண்டு, மாலையில் தெப்பக்காடு முகாமில் யானைகளுக்குக் களி உருண்டை ஊட்டுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நாற்பது பேர் கொண்ட ஒரு பேருந்து காட்டுக்குச் செய்யும் இடைஞ்சல் சிறிது. ஊரைவிட்டுத் தள்ளி, நீரோடையைப் பார்த்தாற்போல் அமைந்த ஒரே அறையில் தங்கி, நெருப்பு மூட்டி, பாட்டுப் போட்டு, நள்ளிரவில் ‘விலங்கு காட்டுகிறேன்’ என்பவரின் ஜீப்பில் கிளம்பும் நான்கு பேர் செய்யும் இடைஞ்சல் பெரிது. செக்போஸ்ட்டின் கணக்கில் இரண்டும் ஒவ்வொரு வண்டிதான். எண்ண வேண்டியது கட்டில்களை. எந்தக் குக்கிராமத்தில் எத்தனை கட்டில், அவை ஊருக்குள்ளா, ஓடைக் கரையிலா என்பதே உரிமத்தின் அடிப்படையாக வேண்டும். திறந்தவெளி நெருப்பு, ஒலிபெருக்கி, காட்டைப் பார்த்து எரியும் விளக்கு, மூடாத குப்பைத் தொட்டி ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் உரிமம் போகும் என்ற நிலை வர வேண்டும். கார் ஓடும், கட்டில் ஓடாது. அதனால் கண்காணிப்பதும் எளிது.

இதற்கு முதல் மறுப்பு காட்டுயிர் ஆர்வலர்களிடமிருந்தே வரும்: கட்டிலை ஏன் எண்ண வேண்டும், எல்லாவற்றையும் மூடிவிட்டால் என்ன? கேட்க நேர்மையாக இருக்கும் இந்த யோசனை, ஊரில் ஏற்கெனவே இருப்பவர்களை மறந்துவிடுகிறது. இருளரும் குறும்பரும் சாலைக்கும் சுற்றுலாவுக்கும் முந்தியவர்கள். மின் திட்டங்களுக்காக வந்து தங்கியவர்கள் உண்டு. மாடு வளர்ப்பவர்கள் உண்டு. பட்டியில் மாடு கட்டி, அதன் சாணத்தை மலைத் தோட்டங்களுக்கு எருவாக விற்பது இப்பகுதியின் பழைய பிழைப்பு. மேய்ச்சல் கட்டுப்பாடுகளும் மேய்ச்சல் நிலத்தை விழுங்கும் உண்ணிச்செடியும் அந்தப் பிழைப்பை நெருக்கிவிட்டன. பட்டி வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை ஜீப் ஓட்டப் போனது அப்படித்தான். அந்த வழியையும் அடைத்தால் அவர் காட்டுக்கு நண்பராக இருக்க என்ன காரணம் மிஞ்சும்? பயிரைத் தின்ன வரும் யானையைப் பொறுத்துக்கொள்ளும் மனிதரிடம், அந்த யானையால் ஒரு வருமானமும் வராமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு ஆகாது.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: இரவு வேடிக்கைகளைப் பறித்துவிட்டால் பயணி வரமாட்டார், ஊர் பட்டினி கிடக்கும். இதில் மறைந்திருக்கும் அனுமானம், இரவு விருந்தின் பணம் ஊருக்குப் போகிறது என்பது. ஊருக்கு வெளியே தனித்து நிற்கும் விடுதியின் உரிமை பெரும்பாலும் வெளியூர்க்காரர் கையில். மளிகை வாங்குவதும் வெளியூரில். ஊருக்கு மிஞ்சுவது காவலாளி, சமையல், துப்புரவு வேலைகளின் சம்பளம். மாற்றுவழிக்கு வெகுதூரம் போக வேண்டாம். தேனி மாவட்ட எல்லையைத் தாண்டியதும் வரும் குமுளி பெரியார் புலிகள் காப்பகத்தின் வாசல் ஊர். அங்கே காட்டு இலவங்கப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்களை 1990களின் இறுதியில் வனத் துறை அழைத்துப் பேசி, சூழல் மேம்பாட்டுக் குழுவாக்கியது. யானைத் தடமும் புலித் தடமும் அறிந்த அவர்களே பயணிகளைக் காட்டுக்குள் நடத்திச் செல்லும் வழிகாட்டிகளானார்கள், ரோந்தும் போனார்கள். குமுளியில் நெரிசலும் கட்டடப் பெருக்கமும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பயணி கொடுக்கும் காசு காட்டை அறிந்தவர் கையில் நேராகச் சேர வழி உண்டு என்பதை அது நிரூபித்தது. மசினகுடியில் பகல் நேரத்தில் காட்டவும் சொல்லவும் எவ்வளவோ இருக்கிறது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுக் கழுகுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்தால் இந்தியா முழுவதும் அழிந்து, 2006இல் அம்மருந்து தடை செய்யப்பட்ட பிறகும் மீளாமல் தவிக்கும் பறவை அது. அந்தக் கதையை மாடு வளர்த்த குடும்பத்துப் பிள்ளை சொல்லிக் கேட்பதற்கு நள்ளிரவு ஜீப்பைவிடக் கூடுதல் மதிப்பு உண்டு.

கட்டிலைக் குறைத்தால் வாடகை ஏறும், காடு பணக்காரரின் சொத்தாகிவிடும் என்பது மூன்றாவது மறுப்பு. இது மற்ற இரண்டையும்விட வலுவானது. இதற்குப் பதில், பகல் பயணத்தைப் பெருக்குவதில் இருக்கிறது. ஊட்டியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் அரசுப் பேருந்துகள், தெப்பக்காட்டில் குறைந்த கட்டண வண்டி, ஊர் மையத்தில் உள்ளூர்க் குடும்பங்கள் நடத்தும் சிறிய தங்குமிடங்கள் என்று ஏற்பாடு இருந்தால், முதுமலையைப் பார்க்கப் பணக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஓடைக் கரையில் தனிக்குடில் என்பதுதான் கிடைக்காது. அதை இழப்பது ஏழையல்ல. சட்டம் போட்டால் யார் கேட்பார்கள் என்ற அலுப்புக்கும் நீலகிரியே பதில். தமிழ்நாடு முழுவதும் 2019 ஜனவரியில் வந்த பிளாஸ்டிக் தடையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே இந்த மாவட்டம் தொடங்கிவிட்டது. ஓட்டைகள் இருந்தாலும், மலை ஏறும்போதே தண்ணீர் பாட்டிலைக் கீழே வைக்க வேண்டும் என்பது வெளியூர்க்காரருக்கும் இன்று தெரியும். பாட்டிலுக்குச் செய்ததை விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் செய்ய முடியாதா?

பொக்காபுரம் மாரியம்மன் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் பெருங்கூட்டம் கூடுகிறது. காட்டுக்கு அதுவும் சுமைதான். ஆனால் அது எந்த நாள், எந்த இடம், எத்தனை இரவு என்பது முன்கூட்டியே தெரியும். காவல் துறையும் வனத் துறையும் ஆள் போட்டு நிற்கின்றன. ஆண்டின் மற்ற இரவுகளில் வரும் கூட்டத்துக்கு அந்த அளவு கணக்குகூட இல்லை. பூங்காவின் எல்லைக் கல்லோடு பயணியின் பொறுப்பும் அரசின் பொறுப்பும் முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் போனால்தான் மசினகுடி போன்ற ஊர்களுக்கு விடிவு. அங்கே அறை எடுப்பவருக்குச் சாவியோடு சேர்த்து ஒன்றைச் சொல்லிக் கொடுக்கலாம்: சவாரியில் யானை தென்படாமல் போயிருக்கலாம், இரவில் அது இந்தப் பக்கமாகத்தான் போகும், அது போவது உங்களுக்குத் தெரியாமலே இருந்தால் நல்லது.