குடிக்காதவரின் ஈரலுக்கு என்ன நடந்தது?



ஊரில் ஒருவருக்கு ஈரலில் வருத்தம் என்று தெரிந்தால் சிலருடைய வாயில் முதலில் வருவது துஆ அல்ல, "மனிசன் களவாகக் குடிப்பாரோ?" என்ற கேள்விதான். ஐந்து நேரமும் பள்ளியில் முன் ஸப்பில் நிற்கிறவரைப் பற்றியும் இந்தக் கதை ஓடும். இதற்குப் பயந்து ஸ்கேன் ரிப்போர்ட்டை அலுமாரிக்குள் மடித்து வைத்துவிட்டு, கேட்டால் "கேஸ்ட்ரிக்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். இந்தப் பதிவு அவர்களுக்கும்தான், அவர்களைப் பற்றிக் கதைக்கிறவர்களுக்கும்தான்.

நாம் குடிப்பதில்லை, ஆகவே நம் ஈரல் பத்திரம் என்பது வெறும் நினைப்பு. ராகமைப் பகுதியில் 35 முதல் 64 வயது வரையான ஏறக்குறைய 3,000 பேரைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒருவருக்கு மதுவோடு சம்பந்தமே இல்லாத கொழுப்பு ஈரல் இருந்தது. ராகமை நம் ஊர் இல்லைதான். ஆனால் அவர்களை விட நாம் அளவாகச் சாப்பிடுகிறோம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மில் யாரால் முடியும்?

உலக ஈரல் வைத்திய நிபுணர்கள் 2023இல் இந்த நோயின் பெயரையே மாற்றிவிட்டார்கள். 'மதுசாராத' என்ற சொல்லை எடுத்துவிட்டு, அனுசேபக் கோளாறோடு சேர்ந்த ஈரல் நோய் என்று வைத்தார்கள். பழைய பெயர் நோயாளியைக் கூச்சப்படுத்துகிறது என்பதும் அதற்கு ஒரு காரணம். அவர்கள் பெயரை மாற்றி முடித்துவிட்டார்கள். நாம் இன்னும் வாயை மாற்றவில்லை.

சரி, குடிக்காதவரின் ஈரலில் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? நாம் தேத்தண்ணிக்குப் போடும் சீனியில் பாதி குளுக்கோசு, பாதி பிரக்டோசு. குளுக்கோசை உடம்பெல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும். பிரக்டோசின் பெரும்பங்கு ஈரலின் தலையில்தான் விழுகிறது. தேவைக்கு மேல் வந்தால் ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றி அங்கேயே சேர்க்கும். "நான் எண்ணெய்ச் சாமானைத் தொடுறதே இல்லை, பிளேன்டீ மட்டும்தான்" என்று சொல்லும் நானாமாருக்கு இது விளங்க வேண்டும். நாளைக்கு ஐந்து பிளேன்டீ, ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி. கரண்டிக்கு 4 கிராம் என்று குறைத்துப் பிடித்தாலும் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவருக்குச் சொல்லும் மேல் எல்லை சுமார் 50 கிராம், 25க்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது. பிஸ்கட்டும் பணிசும் இன்னும் கணக்கில் வரவில்லை. கித்துள் கருப்பட்டி இயற்கையானது என்று சமாதானம் சொல்லாதீர்கள், அதிலும் பெரும்பகுதி இதே சீனிதான்.

கொழுப்பின் கதை வேறு. பின்லாந்தில் 38 பேருக்கு மூன்று கிழமை வழமையை விட 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். நிரம்பிய கொழுப்பு சாப்பிட்டவர்களின் ஈரல் கொழுப்பு 55 வீதம் ஏறியது. சீனி சாப்பிட்டவர்களுக்கு 33 வீதம், நிரம்பாத கொழுப்புக்கு 15 வீதம். அந்த நிரம்பிய கொழுப்பில் பட்டரும் சீஸும் மட்டுமல்ல, தேங்காயெண்ணெயும் இருந்தது.

இப்போது வட்டலப்பத்தைப் பாருங்கள். கட்டித் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் ஒரே கிண்ணத்தில். பெருநாளைக்கு ஒரு துண்டு சாப்பிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, அதை நிறுத்தச் சொல்ல நாங்கள் வரவில்லை. (சொன்னால் எங்கள் வீட்டிலேயே அடி விழும்.) எங்கள் சண்டை கலியாணச் சஹனோடு. நெய்ச்சோறு, பொரித்த கோழி, மாட்டிறைச்சி, அதற்கு மேல் சீனிச் சம்பல், கடைசியில் வட்டலப்பம், ஆளுக்கொரு சோடா. ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகையில் யார் எவ்வளவு தின்றார் என்பது தின்றவருக்கே தெரியாது. முதலில் கையை எடுப்பவரை "என்ன டயட்டா?" என்று சிரிப்பார்கள். டயபடீஸ் உள்ளவரின் பக்கத்துக்கு இன்னொரு இறைச்சித் துண்டைத் தள்ளிவிடுவதை விருந்தோம்பல் என்கிறோம். வயிற்றை மூன்றாகப் பிரிக்கச் சொல்லும் ஹதீஸ் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

போத்தலைக் கையில் எடுத்ததும் ஹலால் இலச்சினையைத் தேடுகிற கண்களுக்கு, பக்கத்தில் இருக்கிற நிற வட்டம் தெரிவதில்லை. இனிப்புப் பானங்களுக்கான அந்த நிறக் குறியீட்டை அரசாங்கம் 2016இல் கொண்டுவந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள் என்றுதான் அது வந்தது. மஞ்சளைப் பார்த்து ஏமாற வேண்டாம். 100க்கு 9 கிராம் உள்ள 250 மில்லிலீற்றர் போத்தலை முடித்தால் 22 கிராமுக்கு மேல், ஐந்தரைக் கரண்டி. இதை இடைவேளையில் ரோல்ஸோடு சேர்த்து முடித்துவிட்டு வகுப்பில் தூங்கி விழும் பிள்ளைகளைத்தான் நாங்கள் தினமும் பார்க்கிறோம். கொழுப்பு ஈரல் பிள்ளைகளுக்கும் வருகிறது.

இதற்கிடையில் "ஈரல் கிளீன்" பவுடர் வியாபாரம் வேறு, வட்ஸ்அப் குரூப்பிலேயே விலையோடு. ஈரலைக் கழுவும் பவுடர் என்று ஒன்று இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத மூலிகைக் கலவைகளால் ஈரல் பழுதாகி வாட்டில் படுத்தவர்கள் உண்டு.

ரிப்போர்ட்டை ஒளித்து வைத்திருக்கும் சகோதரருக்கு: உடல் எடையில் 5 வீதம் குறைந்தாலே ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 வீதம் குறைந்தால் வீக்கமும் தணிய வாய்ப்புண்டு. 80 கிலோ ஆளுக்கு முதல் இலக்கு வெறும் 4 கிலோ. மெலிந்தவருக்கும் இது வரும், ஆகவே "எனக்கு வயிறே இல்லையே" என்று தட்டிக்கழிக்க வேண்டாம். நோவு வரும் வரையும் காத்திருக்க வேண்டாம், பெரும்பாலும் நோவே வராது. ஸ்கேனில் கொழுப்பு என்று மட்டும் எழுதியிருந்தால் டொக்டரிடம் இன்னொன்றைக் கேளுங்கள்: தழும்பு விழத் தொடங்கிவிட்டதா? உங்கள் வயது, இரண்டு ஈரல் நொதியங்களின் அளவு, இரத்தச் சிறுதட்டு எண்ணிக்கை, இந்த நான்கையும் வைத்து அவர் ஒரு முதற்கணக்குப் போட்டுச் சொல்வார். சாதாரண இரத்தப் பரிசோதனையே அதற்குப் போதும்.

கலியாணம் வைத்திருப்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான். சஹனுக்கு நடுவில் சோடாவுக்குப் பதிலாகத் தண்ணீர்ப் போத்தல் வையுங்கள். செலவும் குறையும்.